வருத்தம் தொடங்கிய வயது

போன வருடம் திருகோணமலை உவர்மலையில் முற்றம் கூட்டிக்கொண்டு நின்றபோது வலது கையிலிருந்து விளக்குமாறு நழுவி விழுந்தது. வாயும் குழறியது. கால் மணி நேரத்தில் எல்லாம் பழையபடி. ஊரில் ஒரு தனியார் கிளினிக்கில் ஒற்றைத் தலைவலி என்று குளிசை தந்தார்கள். இரண்டு மாதம் விழுங்கினேன். மூன்றாம் தடவையும் அப்படி வந்ததும், தம்பி என்னை இரவு ரயிலில் ஏற்றிக் கொழும்புக்குக் கூட்டிப்போனான்.

அங்கே படிவத்தில் ‘வருத்தம் தொடங்கிய வயது’ என்ற இடத்தில் 43 என்று எழுதினேன்.

எம்.ஆர்.ஐ. எடுத்தார்கள், அப்புறம் இரத்தக் குழாய்களுக்குள் மருந்து ஏற்றிப் படமெடுக்கும் அஞ்சியோகிராம். தொடையிடுக்கால் குழாய் விட்டார்கள். மருந்து ஏறும்போது தலைக்குள் சூடு பரவியது. அதைவிடப் பெரிய தண்டனை, பிறகு மணிக்கணக்காகக் காலை மடக்காமல் மல்லாந்து கிடந்ததுதான். நுளம்பு கடித்தாலும் குனிந்து சொறிய வழியில்லை.

படத்தில், மூளைக்குப் போகும் பெரிய நாடி உச்சியில் ஒடுங்கியிருந்தது. அதற்கு ஈடாக முளைத்த மெல்லிய நாளங்கள் புகைபோல மண்டிக் கிடந்தன. அந்தப் புகையைச் சொல்லும் ஜப்பானியச் சொல்தான் நோயின் பெயரும்: மோயாமோயா. 1969இல் ஜப்பானிய மருத்துவர்கள் சுசுகியும் தகாகுவும் வைத்த பெயர்.

“சின்ன வயதில் அழுதால், சூடான சாப்பாட்டை ஊதினால், கை சோர்ந்துபோகுமா?” என்று டொக்டர் கேட்டார். வேகமாக மூச்சுவிட்டால் இரத்தத்தில் கரியமிலவாயு குறையும், நாளங்கள் சுருங்கும், ஏற்கனவே தட்டுப்பாடான இடத்துக்கு இரத்தம் இன்னும் குறையும் என்றார். அம்மாவுக்குப் போன் எடுத்துக் கேட்டேன்.

“ஓம் பிள்ளை, கஞ்சி ஊதினா கரண்டியைப் போட்டுடுவாய். அப்ப ஆறேழு வயசிருக்கும். நீ கள்ளம் அடிக்கிறாய் எண்டு நினைச்சன்.”

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. டொக்டருக்கு அது புதினமில்லை. இந்த வருத்தம் பெரும்பாலும் இரண்டு பருவங்களில் தலைகாட்டுமாம்: பத்து வயதுக்குள், அல்லது நாற்பதுகளில். ஜப்பானின் பழைய கணக்குகளில் பிள்ளைகள்தான் அதிகம். 2002 முதல் 2006 வரை ஹொக்கைடோவில் எடுத்த கணக்கில் 45–49 வயதுக்காரர் முந்திவிட்டார்கள். எம்.ஆர்.ஐ. பரவியதால் முன்பு தெரியாமலே போன பெரியவர்கள் இப்போது பிடிபடுவதும் அதற்கு ஒரு காரணமாம். என்னைப்போல ஆட்களை எந்த வயதில் சேர்ப்பார்களோ!

டொக்டர் 43ஐ வெட்டி 7 என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டார்.

காதுக்கு முன்னால் ஓடும் நாடியை எடுத்து மூளை நாடியோடு இணைத்தார்கள். தலைமயிர் இப்போது முளைத்துவிட்டது. குடும்பத்திலும் தொடரக்கூடிய வருத்தம் என்பதால், எட்டு வயது மகளுக்கும் எம்.ஆர்.ஐ.க்குத் திகதி எடுத்திருக்கிறோம். அதுவரை அவளுடைய கஞ்சியை நான்தான் ஆற்றிக் கொடுக்கிறேன்.