பர்ச்டவுன்: தோற்ற பக்கம் நின்றவர்களின் ஊர்

கனடாவின் நோவா ஸ்கோஷியா மாகாணத்தில் இருக்கும் ஷெல்பர்னுக்கு வருபவர்கள் பெரும்பாலும் டாக் தெருவின் பழைய மரவீடுகளைப் படமெடுத்துக்கொண்டு கிளம்பிவிடுகிறார்கள். அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன் பக்கம் நின்று தோற்று, 1783இல் கப்பலேறி வந்த ராஜவிசுவாசிகள் உருவாக்கிய ஊர் இது. நாங்கள் அங்கே அதிக நேரம் நிற்கவில்லை. நான் பார்க்க வந்தது துறைமுகத்தை ஒட்டிச் சற்றுத் தள்ளியிருக்கும் பர்ச்டவுனை, அதே பக்கம் நின்ற கறுப்பர்கள் குடியேறிய ஊரை.

எஜமானர் கிளர்ச்சிக்காரராக இருந்தால், அவரிடமிருந்து தப்பி வரும் அடிமைகளுக்குப் பாதுகாப்பு உண்டு என்று 1779இல் ஆங்கிலேயத் தளபதி ஹென்றி கிளின்டன் அறிவித்தார். ஆயிரக்கணக்கானோர் அதை நம்பி ஓடிவந்தார்கள். போர் முடிந்ததும் ஜார்ஜ் வாஷிங்டன் அவர்களைத் திருப்பிக் கேட்டார். நியூயார்க்கில் இருந்த ஆங்கிலேயத் தளபதி கை கார்ல்டன் மறுத்துவிட்டார். சுமார் 3,000 பேரின் பெயர், வயது, பழைய எஜமானர் பெயர் எல்லாவற்றையும் பேரேட்டில் பதியவைத்து அவர்களைக் கப்பலேற்றி, பெரும்பாலும் நோவா ஸ்கோஷியாவுக்கு அனுப்பினார். ஹாரி வாஷிங்டன் என்ற பெயரும் அதில் இருக்கிறது. ஜார்ஜ் வாஷிங்டனின் பண்ணையிலிருந்து தப்பியவர் அவர்.

பர்ச்டவுனில் ஒரு குழிவீட்டின் மாதிரி இருக்கிறது. தரையைத் தோண்டி, மேலே மரக்கூரை சாய்த்திருக்கிறார்கள், அவ்வளவுதான். குனிந்து உள்ளே பார்த்தபோது என்னால் பேச முடியவில்லை. சுமார் 1,500 பேர் வாழ்ந்த ஊர் இது. பலர் அந்தக் கடுங்குளிரை இப்படித்தான் கழித்தார்கள். நிலம் தருவதாகச் சொன்ன அரசு பலருக்குத் தரவே இல்லை. பஞ்சம் வந்தபோது மக்கள் நாய்களையும் பூனைகளையும் தின்றதாக, இங்கே வாழ்ந்த தச்சர் பாஸ்டன் கிங் எழுதிவைத்திருக்கிறார்.

கொடுமையிலும் கொடுமை 1784 ஜூலையில் நடந்தது. கறுப்பர்கள் குறைந்த கூலிக்கு வேலை செய்கிறார்கள் என்று, படையிலிருந்து விடுவிக்கப்பட்ட வெள்ளைச் சிப்பாய்கள் ஷெல்பர்னில் கலவரம் செய்தார்கள். கப்பல் கயிறுகளையும் கப்பிகளையும் கொண்டுவந்து, போதகர் டேவிட் ஜார்ஜின் வீட்டைக் கவிழ்த்தே போட்டார்கள். ஒரே அரசருக்காகத் தோற்று, ஒரே கரையில் வந்திறங்கியவர்கள் செய்த வேலை இது! விசுவாசிகளின் துயரம் என்று எழுதுபவர்கள் இந்தப் பக்கத்தைத் தாண்டிப் போய்விடுவது எனக்கு ஆறவில்லை.

1792 ஜனவரியில் 15 கப்பல்களில் ஏறத்தாழ 1,200 பேர் நோவா ஸ்கோஷியாவின் ஹாலிஃபாக்ஸ் துறைமுகத்திலிருந்து மேற்கு ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குப் புறப்பட்டார்கள். ஹாரியும் போனார். அங்கே அந்தக் குடியேற்றத்தை ஆண்ட பிரிட்டிஷ் கம்பெனி நிலத்துக்கு வரி கேட்டது. அதை எதிர்த்து 1800இல் எழுந்தவர்களில் அவரும் ஒருவர். பிடித்து, ஊரைவிட்டே துரத்தினார்கள். அவருடைய பழைய எஜமானர் தலைமை தாங்கிய போரும் வரிக்கு எதிரான கோபத்தில் தொடங்கியதுதான்.

போகிறவர்கள் கறுப்பின ராஜவிசுவாசிகள் பாரம்பரிய மையத்துக்கு அரைநாளாவது ஒதுக்குங்கள். பழைய அலுவலகத்தை 2006இல் யாரோ தீ வைத்து எரித்தார்கள். விடாமல் போராடி, 2015இல் இந்த மையத்தைத் திறந்திருக்கிறார்கள்.