பாடிபோர்டு ஸ்லிக் சூட்டில் பிடித்துக்கொண்டது

ஒருவழியாக, அலைமேல் படுத்து ஓட்டும் என் பாடிபோர்டு பலகையின் ஸ்லிக், அதாவது அடிப்பக்க வழுக்குத் தகடு, ஒட்டிவிட்டது. வால் பக்கம் உள்ளங்கை நுழையும் அளவுக்குப் பிளந்து கிடந்த பலகை, இப்போது இரண்டு மூலையையும் பிடித்து வளைத்தால் ஒரே துண்டாக வளைகிறது. சின்ன ‘டக்’ சத்தம்கூட இல்லை.

பலகை கைமாறி வந்தது. முன்பு வைத்திருந்தவர் அதைக் காரின் பின்பக்க பூட்டிலேயே போட்டு வைத்திருக்கிறார். கோலாலம்பூர் வெயிலில் பூட்டிக் கிடக்கும் காரின் சூட்டுக்குக் கோரில், அதாவது பலகையின் உள் நுரையில், இருக்கும் காற்று விரிந்து ஸ்லிக்கைத் தூக்கிவிடும். அதன்மேல் காண்டாக்ட் பசையை வேறு ஊற்றியிருக்கிறார். எனக்கு ஆத்திரமே அந்தப் பசைமேல்தான். எந்த ஹார்ட்வேர் கடைக்குப் போனாலும் தவுக்கே முதலில் எடுத்து நீட்டுவது அந்த டின்னைத்தான். இந்தப் பலகையின் கோர் பாலிஎத்திலீன் நுரை, ஸ்லிக் ஹெச்டிபிஇ, அதாவது அடர்த்தி கூடிய பாலிஎத்திலீன். மெழுகு மாதிரி வழுக்கும் குடும்பம், பசை நிலைக்காது. எப்பாக்ஸிகூடக் காய்ந்ததும் தகடாகப் பெயர்ந்து வரும். ஆனால் இரண்டும் பாலிஎத்திலீன் என்பதால் உருக்கி அழுத்தினால் ஒன்றோடொன்று கலந்துவிடும்.

பழைய பசையைச் சுரண்டுவதற்குள் பொறுமை போய்விட்டது. அப்புறம் உப்புப் போகக் கழுவி, ஃபேனில் நன்றாகக் காயவைத்து, ஐசோபுரோப்பைல் ஆல்கஹாலால் துடைத்தேன்.

சரி, சூட்டுக்கு வருவோம். புடுவில் ஜாலான் பசாரில் வாங்கிய ஹாட் ஏர் கன், தட்டையான மூக்கு. நுரை 110 டிகிரியை ஒட்டி இளகும். ஹெச்டிபிஇ இளக 130 வேண்டும். அதனால் காற்றை ஸ்லிக்கின் உள்முகத்துக்கே காட்ட வேண்டும், நுரைக்குப் பக்கச்சூடே போதும். கண் மட்டும் நுரையை விட்டு அகலக்கூடாது. நுரை முதலில் மங்கலான வெள்ளையாகவே இருக்கும். திடீரென்று ஓரத்திலிருந்து ஈரம் பட்டதுபோல ஒரு பளபளப்பு பரவும். அதைப் பார்த்ததும் கன்னை எடுத்துவிட்டு ரோலரால் அழுத்திவிட வேண்டும். கொஞ்சம் தாண்டினாலும் நுரைக்கண்கள் உடைந்து குழி விழுந்துவிடும். உள் ஆழத்தில் தொடங்கி விளிம்பை நோக்கி, இரண்டு விரல் அகலப் பட்டையாக வர வேண்டும். ஒவ்வொரு பட்டையும் முழுக்க ஆறும்வரை மேலே அரிசி மூட்டை. சூட்டோடு பாரத்தை எடுத்தால் ஸ்லிக் தன் பழைய வளைவுக்கே திரும்பிவிடும்.

விளிம்பை மட்டும் பேக்கிங் பேப்பர் வைத்து இஸ்திரிப் பெட்டியால் தேய்த்தேன், குமிழில் ஒரு புள்ளி போட்டிருக்கும் அளவில். அது 110 டிகிரியைத் தாண்டாது. இரண்டு புள்ளி என்றால் 150 வரை போகும், ஸ்லிக் சுருங்கிப்போகும்.

ஸ்லிக்கில் இருந்த கீறலுக்குச் சலவைத் திரவ பாட்டிலில் வெட்டிய துண்டு. அடியில் முக்கோணத்துக்குள் 2 என்று இருக்க வேண்டும். 5 என்றால் பாலிபுரோப்பிலீன், இதோடு கலக்காது. கடற்கரைக் கடைகளில் தொங்கும் மலிவுப் பலகைகளுக்கு இந்த வேலையே வேண்டாம். அவற்றின் கோர் பெரும்பாலும் பாலிஸ்டைரீன். சூடு பட்டால் கரைந்து குகையாகிவிடும்.

அடுத்து வாங்கினால் பாலிபுரோப்பிலீன் கோர்தான். நம் கடலின் வெதுவெதுப்பில் பாலிஎத்திலீன் தொய்ந்துபோகிறது. போர்ட் டிக்சன் பக்கத்தில் இருந்தும் பயனில்லை, இந்தியப் பெருங்கடல் அலையைச் சுமத்ரா மறித்துக்கொள்கிறது. நவம்பரில் பருவக்காற்று தொடங்கினால் கிழக்குக் கரையில் இருக்கும் செராத்திங் போக வேண்டும்.

அதற்குள் மூக்குப் பக்க ரெயிலில், அதாவது பலகையின் பக்க விளிம்பில், இருக்கும் வெட்டை அடைக்க வேண்டும். கணினிப் பெட்டியின் மூலைகளில் வரும் வெள்ளை நுரையைச் சேர்த்து வருகிறேன். வளைத்தால் வளைவது பாலிஎத்திலீன், மணிமணியாக உதிர்ந்தால் குப்பைக்குத்தான். கைக்கயிறு மாட்டும் லீஷ் பிளக்கும் ஆடுகிறது, அதற்கு அகலமான வாஷர் தேட வேண்டும்.