ஒன்பதாம் மாதத்து ஊசி கணக்கில் வரவில்லை

2024 ஏப்ரலில் டெக்சாஸில் எம்.எஸ். படிக்க இடம் கிடைத்தது. விசா, கல்விக் கடன் என்று அலைந்ததில் தடுப்பூசிப் படிவத்தை மே கடைசியில்தான் திறந்து பார்த்தேன். எம்.எம்.ஆர். (தட்டம்மை, பொன்னுக்கு வீங்கி, ருபெல்லா மூன்றுக்கும் சேர்த்துப் போடும் ஊசி) இரண்டு தவணை, மூளைக்காய்ச்சல் தடுப்பூசி, காசநோய்ப் பரிசோதனை, சிறு வயதில் போட்ட மற்ற ஊசிகளின் விவரம். எல்லாவற்றுக்கும் தேதியும் மருத்துவர் கையெழுத்தும் வேண்டும்.

என் தடுப்பூசி அட்டை 2018 நவம்பரில் கஜா புயலோடு போய்விட்டது. மன்னார்குடிக்குப் பக்கத்து ஊர் எங்களுடையது. ஓடு பறந்த அந்த ராத்திரியில் டிரங்குப் பெட்டி முழுக்கத் தண்ணீர், அட்டை கூழாகிவிட்டது. "சப் சென்டர்ல நோட்டு இருக்கும், போய்க் கேளு" என்றார் அம்மா. எனக்கு ஊசி போட்ட நர்ஸம்மா ஓய்வு பெற்று வெகுநாளாயிற்று. இப்போது இருக்கும் அக்கா பீரோவின் அடித்தட்டிலிருந்து நீளநீளமான பதிவேடுகளை இழுத்துப் போட்டுத் தேடினார். என் பெயரில் எதுவும் இல்லை. அம்மா பெயரைச் சொன்னதும் கிடைத்துவிட்டது. பெயர் வைக்கும் முன்பே எழுதியதால் 'ஆண் குழந்தை' என்று மட்டும் இருந்தது; அதற்கு நேரே காசநோய்க்கான பி.சி.ஜி., போலியோ, முத்தடுப்பு, தட்டம்மை என்று நீல மையில் தேதிகள். யாரோ ஒருவர் 21 வருடம் முன்பு பொறுப்பாக எழுதி வைத்த அந்த ஒரு வரியைத் தொட்டுப் பார்த்தேன். அக்கா புது அட்டையில் எழுதி, ஆரம்ப சுகாதார நிலைய டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கிக் கொடுத்தார்.

ஆனால் எம்.எம்.ஆருக்கு அது போதவில்லை. தட்டம்மை ஊசி நமக்கு ஒன்பது மாதத்தில் போடுவது. அமெரிக்காவில் முதல் பிறந்தநாளுக்குப் பிறகு போட்டதுதான் கணக்கு. 2017 பிப்ரவரியில் பள்ளியில் வரிசையாக நிற்க வைத்து, விரலில் மை வைத்துப் போட்ட எம்.ஆர். ஊசியில் தட்டம்மைக்கும் ருபெல்லாவுக்கும் மட்டும்தான் மருந்து. பொன்னுக்கு வீங்கிக்கு இல்லை. ரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி இருக்கிறதா என்று பார்த்தும் சான்று தரலாம். மூன்றில் ஒன்றுக்கு அது குறைந்தாலும் ஊசி போட்டுத்தான் ஆக வேண்டும் என்பதால், தஞ்சாவூர் டாக்டர் நேரே இரண்டு தவணையும் போட்டுக்கொள்ளச் சொன்னார். இடைவெளி குறைந்தது 28 நாள். ஜூன் 3, ஜூலை 1 என்று குறித்தோம்.

அவர் செய்த பெரிய உதவி இன்னொன்று. ஊசிக்கு முன் அதே நாளில் காசநோய்க்கான ரத்தத்தை எடுத்துவிட்டார். எம்.எம்.ஆர். போட்டுவிட்டால் அந்தப் பரிசோதனையை நான்கு வாரம் தள்ளிப்போட வேண்டுமாம். கையில் தோலுக்குள் ஊசி போட்டுப் பார்க்கும் மாண்டூ சோதனை, பி.சி.ஜி. போட்ட நமக்கெல்லாம் வீணாகத் தடித்துக் காட்டலாம் என்பதால்தான் ரத்தப் பரிசோதனை.

மூளைக்காய்ச்சல் ஊசி மன்னார்குடியில் நான் கேட்ட எந்த மருந்துக் கடையிலும் இல்லை. "ஹஜ்ஜுக்குப் போறவங்க போடுற ஊசிதானே அது, எங்க அத்தா போட்டிருக்காங்க" என்று கூத்தாநல்லூர் நண்பன் சொன்ன பிறகு, திருச்சியில் சொல்லிவைத்து வாங்கினேன். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொடுத்தார்கள். பஸ்ஸில் வெயில் படாத பக்கமாக உட்கார்ந்து, தஞ்சாவூர் வரை மடியிலேயே வைத்திருந்தேன். டெக்சாஸில் 22 வயதுக்குக் கீழே இருப்பவர்கள் வகுப்பு தொடங்க 10 நாள் முன்பாவது இதைப் போட்டிருக்க வேண்டும். எனக்கு அப்போது 21. தை அறுவடை நெல் போட்ட பணத்திலிருந்து அம்மா எடுத்துக் கொடுத்தார்.

அப்புறமும் படிவம் திரும்பி வந்தது. 03/06, 01/07 என்று டாக்டர் நம் வழக்கப்படி எழுதியிருந்தார். அங்கே மாதம்தான் முதலில். மார்ச் 6-இல் முதல் தவணை, ஜனவரி 7-இல் இரண்டாவது என்று படித்திருக்கிறார்கள்! மாதத்தை எழுத்தில் எழுதி, மறுபடி முத்திரை வாங்கி அனுப்பினேன். மூன்றாம் நாள் ஏற்றுக்கொண்டார்கள்.

சப் சென்டர் அக்காவுக்கு போன் செய்து சொன்னேன். "அந்த நோட்டுக்கு இப்பதான் அட்டை போட்டு வச்சேன் தம்பி" என்றார்.