எம்டன் ராத்திரியில் நிலா இல்லை

என் துப்பறியும் கதையின் ஏழாவது அத்தியாயத்தை மூன்றாவது தடவையாகக் கிழித்துப் போட்டாச்சு. இந்தத் தடவை காரணம் பெரியப்பா. காலண்டர் தாளைக் கிழித்ததும் திதி பார்க்காமல் காபி குடிக்காத மனிதர். நான் கொடுத்த தாள்களை மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு படித்தவர், "ஏம்ப்பா, 1914 செப்டம்பர் 22ன்னு போட்டிருக்கியே, அன்னிக்கு என்ன திதி?" என்றார்.

பார்க்கவில்லை. அன்றைக்குக் கடலிலிருந்து சென்னையைத் தாக்கிய ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் எத்தனை மணிக்குச் சுட்டது, அதன் பீரங்கி 10.5 சென்டிமீட்டர், கேப்டன் பெயர் ஃபான் முல்லர் எல்லாம் நோட்டில் இருக்கிறது. நிலா மட்டும் இல்லை. என் சாட்சியோ தம்புச் செட்டித் தெரு மொட்டைமாடியில் நின்றுகொண்டு, பால் போன்ற நிலா வெளிச்சத்தில் கொலைகாரன் சந்துக்குள் ஓடுவதைப் பார்க்கிறாள்!

அந்த வருஷம் ஆகஸ்ட் 21ல் சூரிய கிரகணம். கிரகணம் என்றால் அமாவாசை. அங்கிருந்து இருபத்தொன்பதரை நாள் எண்ணினால் அடுத்த அமாவாசை செப்டம்பர் 19 ராத்திரி, விடிந்தால் 20. ஆக 22ஆம் தேதி வானத்தில் இருந்தது நூல் மாதிரி ஒரு பிறை, அதுவும் எட்டு எட்டரைக்குள் மறைந்திருக்கும். எம்டன் சுட ஆரம்பித்தது ஒன்பதரையை ஒட்டி. கும்மிருட்டு. அதைவிட மானக்கேடு, அது புரட்டாசி அமாவாசை என்றால் 22ஆம் தேதி நவராத்திரி. வீட்டுக்கு வீடு கொலு வைத்திருந்த ராத்திரியில் என் கதையில் ஒரு பொம்மைகூட இல்லை.

சரி, நிலா போனால் போகட்டும், தீ இருக்கிறதே. எம்டன் சுட்டதில் பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய் டாங்கிகள் பற்றி எரிந்த வெளிச்சத்தில் ஆளை அடையாளம் தெரியுமா? இங்கேதான் மாட்டிக்கொண்டேன். புத்தகத்தில் தேடுவதைவிடச் செய்து பார்ப்போம் என்று கிருஷ்ணாயிலுக்கு அலைந்தேன். ரேஷன் கடைக்காரர் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! கடைசியில் காசிமேட்டில் தெரிந்த அண்ணன் ஒருவர் அரை லிட்டர் தந்தார், எதுக்கு என்று கேட்கவில்லை, அதுவே பெரிய உதவி.

பழைய வண்ணாரப்பேட்டையில் எங்கள் மாடி நாற்பதடி நீளம். ஒரு மூலையில் பெயின்ட் டப்பாவில் துணியை நனைத்துக் கொளுத்தினேன். மறு மூலையில் பெரியப்பா பையன், தோளில் நாலு துணிகளோடு. வெள்ளைத் துண்டும் வெளிர் மஞ்சள் துண்டும் ஒரே நிறமாகத் தெரிந்தன. நீலச் சட்டை சுத்தமாகக் கறுப்பு. "இதுவா நீலம்?" என்று அவனே ஒரு தடவை தோளைத் திரும்பிப் பார்த்துக்கொண்டான். அந்தத் தீயின் மஞ்சள் வெளிச்சத்தில் நீலம் மிகக் குறைவு, துணி எதைத் திருப்பி அனுப்பும்! முகம் தெரியவே இல்லை, நடைதான் தெரிந்தது. புகை கீழ்வீட்டுக்குள் போய் ஹவுஸ் ஓனர் மேலே வந்ததோடு சோதனை முடிந்தது. ஒரு வாரமாக மோட்டார் போட்டு தண்ணீர் ஏற்றுவதில் தகராறு.

ஆனால் கதைக்கு முடிச்சு கிடைத்துவிட்டது. டாங்கிகளைக் குறி பார்க்க எம்டன் முதலில் சர்ச் லைட் போட்டது. கடற்கரையில் நின்றவன் அந்த வெள்ளை வெளிச்சத்தில் பார்த்தது நீலச் சட்டை. அரை மணி கழித்து மாடியில் இருந்தவள் தீ வெளிச்சத்தில் பார்த்தது கறுப்புச் சட்டை. ஏட்டு இரண்டு ஆளைத் தேடுகிறார், இருப்பது ஒருத்தன். (முடிச்சை இங்கேயே அவிழ்த்துவிட்டேன். படிக்கப்போவது எப்படியும் பத்துப் பேர்.)

கொலையைக் குண்டுக் கணக்கில் எழுதிவிடலாம் என்று கொலைகாரன் நினைப்பதும் இனி லேசில் ஓடாது. நூற்றுச் சொச்சம் குண்டு விழுந்தும் செத்தவர்கள் வெகு சிலர், அவர்களும் பெரும்பாலும் துறைமுகத்துப் பக்கம் இருந்தவர்கள். தெருவில் கூடுதலாக ஒரு பிணம் என்றால் உடனே கண்ணில் படும். அதற்கு ஒரு வழி யோசிக்க வேண்டும். முந்தைய அத்தியாயத்தில் அவனை ராயபுரத்திலிருந்து பம்பாய்க்கு ரயில் ஏற்றிய தப்பையும் திருத்த வேண்டும். 1907லேயே சென்ட்ரலுக்கு மாறியாச்சு. அப்புறம், ஜெர்மனியில் இருந்த விடுதலைப் போராட்டக்காரர் செண்பகராமன் பிள்ளையும் எம்டனில் வந்தார் என்று சொல்லி அவரைக் கப்பலில் ஏற்றச் சொல்பவர்களுக்கு: மாட்டேன். அதற்கு ஆதாரம் கிடையாது.

தாளுக்கு ஆண்டர்சன் தெருவே போதும், ரீமாக வாங்கினால் கட்டுப்படியாகிறது. அங்கே நிற்கும்போதுதான் அடுத்த கதை தோன்றியது. 1942 செப்டம்பர் 1 முதல் 1945 அக்டோபர் வரை யுத்தத்துக்காக நாடு முழுக்கக் கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி வைத்திருந்தார்கள். அதை மாற்ற மறுத்த ஒரு சுவர்க் கடிகாரம், அதை நம்பிச் சொன்ன ஒரு சாட்சி. தலைப்புகூட வைத்தாச்சு. "முதல்ல இதை முடி" என்கிறார் பெரியப்பா.

முடிக்கிறேன். இப்போது கொலுப் படியில்தான் நிற்கிறேன். அன்று செவ்வாய்க்கிழமை, வீட்டில் என்ன சுண்டல்? பெரியம்மா காராமணி என்கிறார், அம்மா துவரை என்கிறார். இரண்டு பேரும் நேற்றிலிருந்து போனில் பேசிக்கொள்ளவில்லை.