எஸ் ஃபைல் எங்கே போனது?

மார்ச் 4, 2025, செவ்வாய்

எஸ்டிஎம்32 எஃப்407 போர்டுக்கான ஃபர்ம்வேரை மேக்ஃபைலிலிருந்து சிமேக் என்ற பில்டு கருவிக்கு மாற்றும் வேலை இன்று ஆரம்பம். சி ஃபைல்கள் எல்லாம் மதியத்துக்குள் கம்பைல் ஆகிவிட்டன, லிங்க்கும் ஆனது, எர்ரர் ஒன்றுகூட இல்லை. ஒரே ஒரு வார்னிங் மட்டும்: போர்டுக்கு பவர் வந்ததும் முதலில் ஓடவேண்டிய ரீசெட்_ஹேண்ட்லர் என்ற என்ட்ரி சிம்பலைக் காணோம், 08000000 என்று வைத்துக்கொள்கிறேன் என்கிறது, கம்பைல் ஆன துண்டுகளை ஒன்றாகக் கோர்க்கும் லிங்கர். அது ஃபிளாஷ் மெமரி ஆரம்பிக்கிற முகவரிதான் என்பதால் பார்க்க ரொம்ப நியாயமாகத் தெரிகிறது, அதுதான் வம்பு. சைஸ் கமாண்டு போட்டுப் பார்த்தால், பில்டின் முடிவில் வரும் எல்ஃப் ஃபைல் கிட்டத்தட்ட காலி.

ரீசெட் ஹேண்ட்லரும், எந்த இன்டரப்ட்டுக்கு எங்கே போவது என்று சொல்லும் வெக்டர் டேபிளும் எஸ் என்று பெயர் முடிகிற ஸ்டார்ட்அப் அசெம்பிளி ஃபைலில் இருக்கின்றன, அந்த ஃபைல் பில்டில் சேரவே இல்லை. மெயினைக் கூப்பிட ஆளில்லை, யாரும் கூப்பிடாத ஃபங்ஷன்களையெல்லாம் லிங்கர் ஆப்ஷனான ஜிசி-செக்‌ஷன்ஸ் கழித்துக்கட்டிவிட்டது. இத்தனைக்கும் சோர்ஸ் பட்டியலில் பெயர் இருக்கிறது. இல்லாத ஃபைலின் பெயரைக் கொடுத்தால் சிமேக் கத்தும். ஃபைல் இருந்து, அதன் மொழியை மட்டும் இயக்காமல் விட்டால் வாயே திறக்காது, ஹெடரை வைத்துக்கொள்வதுபோல வைத்துக்கொள்ளும்.

மார்ச் 5, புதன்

புராஜெக்ட் வரியில் சி-க்கு அடுத்து, அசெம்பிளி மொழிக்கான ஏஎஸ்எம் சேர்த்தாயிற்று. ஏஎஸ்எம்மைக் கடைசியில் போடச் சொல்கிறது சிமேக் ஆவணம், ஏனென்றால் முதலில் சி கம்பைலரைக் கண்டுபிடித்துவிட்டு, அசெம்பிளிக்கும் அதுவே போதுமா என்று பார்க்குமாம். அசெம்பிளரை நேரடியாகக் கூப்பிடாமல் ஜிசிசி என்ற நம் சி கம்பைலர் வழியாகப் போவதுதான் நமக்கும் வசதி.

ஸ்டார்ட்அப் ஃபைல் சேர்ந்துவிட்டது. அடுத்து, ஒரு டாஸ்க்கிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும் கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் ஃபைல் மாட்டிக்கொண்டது: இன்டரப்ட்டை நிறுத்தும் சிபிஎஸ்ஐடி என்ற இன்ஸ்ட்ரக்‌ஷன் இந்த பிராசஸரில் ஏஆர்எம் மோடில் கிடையாது என்று எர்ரர். இந்த போர்டின் பிராசஸரான கார்டெக்ஸ்-எம்4-இல் ஏஆர்எம் மோடே கிடையாது, தம்ப் மோடு மட்டும்தான்! பில்டை ஓட்டும் நிஞ்ஜாவை, கமாண்டுகளை முழுதாகக் காட்ட -வி போட்டு ஓட்டியதும் தெரிந்தது, அசெம்பிளி கமாண்டில் சிபியு ஃபிளாக்கும் இல்லை, தம்ப் ஃபிளாக்கும் இல்லை. சி-க்கு வைத்த ஃபிளாக் வேரியபிள் சி-க்கு மட்டும்தான், ஏஎஸ்எம்முக்குத் தனி வேரியபிள். ஸ்டார்ட்அப் ஃபைல் தன் தலையிலேயே சிபியு பெயரையும் தம்ப் என்பதையும் எழுதி வைத்திருப்பதால் தப்பித்திருக்கிறது. சிபியு, தம்ப் இரண்டையும் எல்லா மொழிக்கும் பொதுவான கம்பைல் ஆப்ஷனாக மாற்றினேன், சரியாகிவிட்டது.

மார்ச் 7, வெள்ளி

இன்றைய எர்ரர்தான் இந்த வாரத்தின் ஹீரோ. ஓஎஸ்_மேக்ஸ்_பிரயாரிட்டி என்ற சிம்பல் எங்கேயும் இல்லை என்கிறது லிங்கர். அது சிம்பலே இல்லை, ஹெடரில் ஹேஷ் டிஃபைன் போட்டு வைத்த வெறும் எண். கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் ஃபைலின் முதல் வரியே அந்த ஹெடரை இன்க்ளூட் செய்கிறது.

விஷயம் ஃபைல் பெயரின் வாலில் இருக்கிறது. பெரிய எஸ் என்றால் ஜிசிசி முதலில், ஹேஷ் வரிகளைப் படித்து நிறைவேற்றும் பிரீபிராசஸரை ஓட்டிவிட்டு அசெம்பிளருக்குக் கொடுக்கும். சின்ன எஸ் என்றால் நேரே அசெம்பிளருக்கு. ஏஆர்எம்முக்கான குனு அசெம்பிளரில் வரியின் முதல் எழுத்து ஹேஷ் என்றால் அந்த வரி முழுக்க கமென்ட். அதாவது இன்க்ளூட், டிஃபைன், இஃப் எல்லாமே கமென்ட்டாகிவிடும். பிறகு தெரியாத பெயர் ஒன்று வந்தால், வேறு ஏதோ ஃபைலில் இருக்கும் போல என்று அசெம்பிளர் லிங்கர் தலையில் கட்டிவிடும். எங்களுடையது சின்ன எஸ்.

பழைய மேக்ஃபைலில் இது எப்படி ஓடியது என்றால், அதில் ஜிசிசிக்கு -எக்ஸ் அசெம்பிளர்-வித்-சிபிபி என்று கொடுத்திருக்கிறார்கள், வால் எதுவானாலும் பிரீபிராசஸர் ஓடும்.

எர்ரர் வந்ததே புண்ணியம் என்பேன். அதே ஃபைலில், தசமக் கணக்குக்கான எஃப்பியூ பிராசஸரில் இருந்தால் எஸ்16 முதல் எஸ்31 வரை ரிஜிஸ்டர்களைச் சேமி, இல்லாவிட்டால் விடு என்று ஒரு ஹேஷ் இஃப் இருக்கிறது. இஃபும் எண்ட்இஃபும் கமென்ட்டானால் நடுவில் இருப்பது எப்போதும் அசெம்பிள் ஆகும். எஃப்பியூவை அணைத்து வைத்த பில்டில் இது என்ன கூத்து காட்டியிருக்கும் என்று யோசித்தாலே பயமாக இருக்கிறது.

மார்ச் 8, சனி

ஒவ்வொரு ஃபைலுக்கும் தனியாக ஆப்ஷன் கொடுப்பதா, பெயரை மாற்றுவதா? பெயரைத்தான் மாற்றினேன், படிக்கிறவருக்குப் பார்த்ததும் புரியும். விண்டோஸில் வேலை செய்கிறவர்கள் இருப்பதால் வெர்ஷன்களைக் காக்கும் கிட் வழியாகவே மாற்றினேன், அங்கே பெரிய எஸ்ஸும் சின்ன எஸ்ஸும் ஒரே ஃபைல். ஹெடரில் சி-க்கு மட்டுமே புரியும் டைப்டெஃப் இருந்ததால் அசெம்பிளர் புலம்பியது. ஜிசிசி அசெம்பிளிக்கு பிரீபிராசஸரை ஓட்டும்போது மட்டும் வைக்கிற அசெம்பிளர் மேக்ரோவைப் பார்த்து, சி பகுதியை ஒதுக்கிவிட்டேன்.

மார்ச் 11, செவ்வாய்

டாஸ்க்குகளை ஓட்டும் கெர்னல் பகுதியைத் தனி ஸ்டாடிக் லைப்ரரியாக்கச் சொன்னார்கள், ஆக்கியாயிற்று. பில்டு சுத்தம், வார்னிங்கூட இல்லை. போர்டில் போட்டால் முதல் டாஸ்க்கே ஓடவில்லை. டீபக்கரில் நிறுத்திப் பார்த்தால் டீஃபால்ட்_ஹேண்ட்லரின் முடிவில்லாத லூப்பில் உட்கார்ந்திருக்கிறது.

ஸ்டார்ட்அப் ஃபைல், டாஸ்க் மாற்றத்துக்கான பென்ட்எஸ்வி_ஹேண்ட்லர் உட்பட எல்லா இன்டரப்ட் பெயருக்கும் டீஃபால்ட் ஹேண்ட்லரையே வீக் சிம்பலாக, அதாவது நிஜமானது வந்தால் விட்டுக்கொடுப்பதாகக் கொடுக்கிறது. நிஜமான பென்ட்எஸ்வி கான்டெக்ஸ்ட் ஸ்விட்ச் ஃபைலில் இருக்கிறது, அதில் வேறு எதுவும் கிடையாது. ஆர்க்கைவுக்குள், அதாவது ஸ்டாடிக் லைப்ரரிக்குள் இருக்கும் ஆப்ஜெக்ட்டை லிங்கர் வெளியே எடுப்பது ஏதாவது ஒரு சிம்பல் கிடைக்காமல் நின்றால்தான், இங்கேயோ வீக்காக ஒன்று ஏற்கெனவே கையில் இருக்கிறதே. தேடவேயில்லை.

லைப்ரரியை ஸ்டாடிக் வகையிலிருந்து ஆப்ஜெக்ட் வகைக்கு மாற்றினேன். சிமேக் 3.12 முதல் ஆப்ஜெக்ட் லைப்ரரியையும் டார்கெட்_லிங்க்_லைப்ரரீஸ் வழியாகவே இணைக்கலாம், ஆப்ஜெக்ட்கள் நேராக லிங்கருக்குப் போகும். டாஸ்க்குகள் ஓடுகின்றன.

மார்ச் 13, வியாழன்

பில்டு முடிந்ததும் எல்ஃப் மேல், சிம்பல்களைப் பட்டியலிடும் என்எம் ஓட்டி, பென்ட்எஸ்விக்குப் பக்கத்தில் நிஜ ஃபங்ஷனைக் குறிக்கும் டி இல்லாமல் வீக்கைக் குறிக்கும் டபிள்யூ வந்தால் பில்டையே நிறுத்துகிற ஒரு ஸ்கிரிப்ட் சேர்த்தேன். அப்புறம் லிங்கர் வார்னிங்கை எல்லாம் எர்ரராக்கும் ஃபேட்டல்-வார்னிங்ஸையும் போட்டேன், என்ட்ரி சிம்பல் காணோம் என்பதை யாரும் படிக்காமல் தாண்டக் கூடாது என்று. போட்ட உடனே வேறொன்று கிளம்பியது: படிக்க, எழுத, இயக்க மூன்று அனுமதியும் உள்ள செக்மென்ட் இருக்கிறதாம். லிங்கர் அடங்கிய பின்யூட்டில்ஸ் தொகுப்பின் 2.39-இல் வந்த எச்சரிக்கை இது. அதை வாயடைக்க ஃபிளாக் இருக்கிறது, ஆனால் லிங்கர் ஸ்கிரிப்ட்டைத் திருத்துவதே முறை. அது திங்கட்கிழமை வேலை.