படத்துக்குள் சுழலும் ரெக்கார்டு

மார்ச் 3, செவ்வாய்

பெரும் வசூல் படங்களுக்குள் பழைய பாப், ராக் பாட்டுகள் வந்து உட்காரும் விதத்தைப் பற்றி நீளமாக எழுத வேண்டும் என்று நெடுநாள் ஆசை. அதற்காக ஒவ்வொரு படமாகத் திரும்பப் போட்டுப் பார்க்கிறேன். படம் முடிந்த கையோடு அந்தப் பாட்டின் ரெக்கார்டை முதலிலிருந்து கடைசிவரை கேட்கிறேன். தோன்றுவதை அன்றன்றே இங்கே எழுதி வைக்கிறேன்.

இன்று ‘கார்டியன்ஸ் ஆஃப் தி கேலக்ஸி’ (2014). விண்வெளிச் சாகசம்தான், ஆனால் படம் தொடங்குவது பூமியில், 1988இல், ஓர் ஆஸ்பத்திரி வராந்தாவில். அறைக்குள் அம்மா சாகக் கிடக்கிறாள். வெளியே பையன் ஹெட்ஃபோன் மாட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறான். காதில் 10சிசி குழுவின் ‘ஐம் நாட் இன் லவ்’. தாத்தா வந்து கூப்பிடுகிறார், ஹெட்ஃபோனைக் கழற்றிவிடுகிறார். பையன் உள்ளே போகிறான். கையைப் பிடித்துக்கொள் என்று அம்மா கேட்கிறாள். அவன் முகத்தைத் திருப்பிக்கொள்கிறான். அதற்குள் உயிர் போய்விடுகிறது.

இந்த இடத்துக்கு எத்தனையோ சோகப் பாட்டுகள் கிடைத்திருக்கும். இதைத் தேர்ந்தெடுத்ததில்தான் இயக்குநர் ஜேம்ஸ் கன்னின் காது தெரிகிறது. பாட்டு முழுக்க ஒருவன் தனக்குக் காதலே இல்லை என்று மறுத்துக்கொண்டிருக்கிறான். அவன் மறுக்க மறுக்க, பின்னால் இருக்கும் குரல்கள் உண்மையைப் போட்டு உடைத்துவிடுகின்றன. வராந்தாவில் இருக்கும் பையன் செய்வதும் அதே மறுப்புதான்.

அந்தக் குரல்கள் உருவான கதையைச் சொல்லாமல் நகர முடியாது. குழுவின் எரிக் ஸ்டூவர்ட்டும் கிரஹாம் கோல்ட்மேனும் இந்தப் பாட்டை முதலில் பாஸா நோவா என்ற பிரேசில் நாட்டுத் தாளத்தில் எழுதினார்கள். குழுவில் எடுபடவில்லை, டேப்பையே அழித்துவிட்டார்கள். ஆனால் ஸ்டாக்போர்ட்டில் அவர்களுடைய ஸ்ட்ராபெர்ரி ஸ்டூடியோவில் வேலை செய்தவர்கள் அந்த மெட்டை முணுமுணுத்துக்கொண்டே திரிந்தார்கள். சரி, திரும்ப எடுப்போம் என்றானபோது, கருவிகளை ஒதுக்கிவிட்டுக் குரல்களாலேயே கட்டலாம் என்றார் குழுவின் இன்னொருவரான கெவின் காட்லி. மூன்று பேர் ஒரே சுரத்தை 16 தடவை பாடினார்கள். ஒரு சுரத்துக்கு 48 குரல். இப்படி 13 சுரங்கள், மொத்தம் 624 குரல்கள். ஒவ்வொரு சுரத்தையும் முடிவில்லாமல் சுற்றும் டேப் வளையமாக்கி, ஒலிகளைக் கலக்கும் மிக்சிங் டெஸ்கில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ஃபேடர்களை ஆளுக்குச் சிலவாகப் பிடித்துக்கொண்டு, ஏற்றி இறக்கி வாசித்தார்கள். டெஸ்கே வாத்தியமாகிவிட்டது.

எனக்கு மிகவும் பிடித்த விஷயம் இதில் ஒன்று உண்டு. எந்த ஃபேடரும் அடிவரை இறங்கிவிடாதபடி கீழே ஒட்டுநாடாவை ஒட்டி வைத்தார்கள். அதனால் எந்தச் சுரமும் முழுசாக அடங்குவதில்லை. தேவையில்லாத சுரங்களும் அடியில் லேசாக ஒலித்துக்கொண்டே இருக்கின்றன. அந்தப் பனிமூட்டம் எங்கிருந்து வருகிறது என்று யோசிப்பவர்கள் நல்ல ஹெட்ஃபோனில் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். நடுவே ஒரு பெண் குரல், பெரிய பையன்கள் அழமாட்டார்கள் என்று கிசுகிசுக்கும். ஸ்டூடியோவின் வரவேற்பில் இருந்தவரை அழைத்துப் பேசவைத்தது அது. அந்த வரி தெரிந்தவர்களுக்கு வராந்தாக் காட்சி இன்னும் கனக்கும்.

மார்ச் 5, வியாழன்

அதே படம், அடுத்த பாட்டு. பையன் வளர்ந்துவிட்டான். பாழடைந்த ஒரு கிரகத்தில் இறங்கி, ஹெட்ஃபோனை மாட்டி, ரெட்போன் குழுவின் ‘கம் அண்ட் கெட் யுவர் லவ்’ பாட்டுக்கு ஆடிக்கொண்டே போகிறான். காலில் இடறும் குட்டிப் பிராணியைத் தூக்கி மைக்காக வைத்துப் பாடுகிறான். 1974இல் அமெரிக்காவில் பெரிய ஹிட்டான பாட்டு. பாடிய பேட், லாலி வேகஸ் சகோதரர்கள் அமெரிக்கப் பூர்வகுடி வழி வந்தவர்கள். அந்தக் காலத்து ராக் உலகத்தில் அப்படி ஒரு குழு முன்வரிசைக்கு வந்தது சாதாரண விஷயமில்லை. பாட்டைத் தாங்குவது பாஸ் கிட்டார். துள்ளித் துள்ளி முன்னால் போகிறது, ஆனால் அவசரப்படுவதே இல்லை. கன் படப்பிடிப்பிலேயே பாட்டை ஒலிக்கவிட்டுத்தான் எடுத்தார். நடிகரின் தோளில் அது தெரிகிறது.

‘அவெஞ்சர்ஸ்: எண்ட்கேம்’ (2019) இதே காட்சிக்கு வேறு திசையிலிருந்து திரும்பி வருகிறது. காலப் பயணத்தில் வந்த இரண்டு பேர் ஒளிந்திருந்து பார்க்கிறார்கள். அவர்களுக்குப் பாட்டுக் கேட்காது. கேட்பதெல்லாம் ஓர் ஆள் தனியாகச் சுருதி சேராமல் கத்துவதும், அவன் காலடிச் சத்தமும்தான். அரங்கமே சிரிக்கும் காட்சி. எனக்கோ, பாட்டைப் படத்தில் பயன்படுத்துவது பற்றி இதைவிடத் துல்லியமான விமர்சனத்தை யாரும் எழுதியதில்லை என்று தோன்றுகிறது. அந்த இசை கிரகத்தின் மேல் ஊற்றப்பட்டதில்லை, ஒருவன் காதுக்குள் மட்டும் இருந்தது. அம்மா பதிவு செய்து கொடுத்த கேசட் அது. அவனிடமிருந்து பிடுங்கிவிட்டால் மிஞ்சுவது என்ன என்று ஒரே காட்சியில் காட்டிவிட்டார்கள்.

முதல் படத்தின் பாட்டுத் தொகுப்பு 2014 ஆகஸ்டில் அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் பட்டியலில் முதலிடம் பிடித்தது. ஏற்கெனவே வெளிவந்த பாட்டுகள் மட்டுமே கொண்ட திரைப்படத் தொகுப்பு ஒன்று அந்த இடத்துக்கு வந்தது அதுவே முதல் தடவை.

மார்ச் 9, திங்கள்

‘சூசைட் ஸ்குவாட்’ (2016). சுருக்கமாக முடித்துக்கொள்கிறேன். ‘ஹவுஸ் ஆஃப் தி ரைசிங் சன்’, ‘சிம்பதி ஃபார் தி டெவில்’, ‘ஃபார்ச்சுனேட் சன்’ என்று ஆளுக்கொரு பாட்டோடு கதாபாத்திரங்கள் அறிமுகமாகிறார்கள். ஒவ்வொன்றும் மகத்தான ரெக்கார்டு. ஒன்றையாவது நிம்மதியாகக் கேட்கவிடுகிறார்களா என்றால் இல்லை. குயீன் குழுவின் ‘பொஹிமியன் ராப்சடி’யும் உண்டு. இந்தப் பாட்டுகளுக்கு ஏற்கெனவே இருக்கும் மதிப்பைக் கடன் வாங்கி, இன்னும் நமக்குப் பழக்கமே ஆகாத ஆட்கள் மேல் பூசுகிறார்கள். கோபம்தான் வருகிறது. ஜான் ஃபோகர்டி அந்த ‘ஃபார்ச்சுனேட் சன்’னை எழுதியது 1969இல், பணக்கார வீட்டுப் பிள்ளைகள் வியட்நாம் போருக்குத் தப்பித்துக்கொள்ள ஏழைப் பிள்ளைகள் போய்ச் சாவதைப் பார்த்து. அதை ‘இவர்கள் முரட்டு ஆட்கள்’ என்று சொல்வதற்கு மட்டும் பயன்படுத்துவது எனக்குப் பொறுக்கவில்லை.

மார்ச் 12, வியாழன்

‘அமெரிக்கன் கிராஃபிட்டி’ (1973). ஜார்ஜ் லூகாஸ் ‘ஸ்டார் வார்ஸ்’ எடுப்பதற்கு நாலு வருஷம் முந்தைய படம். 10 லட்சம் டாலருக்கும் குறைவான செலவில் எடுத்து, 10 கோடி டாலருக்கு மேல் வசூலித்தது. 1962இல் ஒரே இரவில் நடக்கும் கதை. இளைஞர்கள் காரில் ஊரைச் சுற்றுகிறார்கள். எல்லாக் கார்களிலும் ஒரே வானொலி நிலையம், ஒரே அறிவிப்பாளர், வுல்ஃப்மேன் ஜாக். படம் முழுக்க 40க்கு மேற்பட்ட பாட்டுகள். தனியாகப் பின்னணி இசை என்று ஒன்று கிடையாது.

எண்ணிக்கையைப் பார்த்தால் இதுவும் ‘சூசைட் ஸ்குவாட்’ மாதிரி பாட்டுக் குவியலாகத்தான் இருந்திருக்க வேண்டும். அப்படி ஆகாமல் காப்பாற்றியது ஒலிக் கலைஞர் வால்டர் மர்ச் செய்த ஒரு வேலை. பாட்டுகளும் அறிவிப்பாளர் பேச்சுமாகச் சேர்த்து, முழு வானொலி நிகழ்ச்சி ஒன்றை டேப்பில் தயார் செய்தார்கள். அதை வீட்டுக் கொல்லைப்புறத்தில் ஸ்பீக்கரில் ஓடவிட்டார்கள். ஒரு முனையில் லூகாஸ் ஸ்பீக்கரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக அப்படியும் இப்படியும் திருப்ப, மறு முனையில் மர்ச் மைக்கை அதேபோலத் திருப்பிக்கொண்டே திரும்பப் பதிவு செய்தார். சுவரில் மோதிய சத்தம், காற்றில் கரைந்த சத்தம், ஒரு நொடி தெளிவாகி மறுநொடி மங்கும் சத்தம் எல்லாம் அதில் வந்துவிட்டன. கலவை செய்யும்போது ஸ்டூடியோவின் சுத்தமான பாட்டும் இந்த வெளிக்காற்றுப் பாட்டும் பக்கத்துப் பக்கத்தில் இருந்தன. யாராவது பேச வேண்டுமா, பாட்டைக் கொல்லைப்புறத்துக்கு அனுப்பிவிடலாம். உணர்ச்சி பொங்க வேண்டுமா, சுத்தமான ஒலியை முன்னால் கொண்டுவரலாம்.

இன்று பார்க்கும்போது ஒரு காரைத் தாண்டி இன்னொரு கார் போகும் இடங்களில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன். பாட்டு காருக்குக் கார் கைமாறுகிறது, ஆனால் நிற்கவில்லை. தெருவே பாடுகிறது. சத்தத்தைக் கூட்டிக் குறைப்பதை மட்டும் நம்பியிருந்தால் இந்த உணர்வு கிடைத்திருக்காது.

அப்புறம், இந்தப் படத்தில் எல்விஸ் பிரெஸ்லியின் பாட்டு ஒன்றுகூட இல்லை. எல்லா உரிமையாளர்களுக்கும் ஒரே மாதிரித் தொகை என்று பேசியதில் அவர் தரப்பு மட்டும் ஒத்துவரவில்லை. 1962இல் எல்விஸ் இல்லாத வானொலியா? கேட்டால் அபத்தமாகத் தெரியும். பார்க்கும்போது ஒருவருக்கும் தோன்றாது.

மார்ச் 17, செவ்வாய்

‘வெய்ன்ஸ் வேர்ல்டு’ (1992). கார், கேசட், ‘பொஹிமியன் ராப்சடி’. இந்தக் காட்சியைப் பற்றி எல்லாரும் எழுதியாயிற்று என்றாலும், பாட்டை எந்த இடத்தில் ஆரம்பிக்கிறார்கள் என்பதை யாரும் கவனித்துச் சொல்வதில்லை. பியானோவோடு வரும் முதல் பகுதியை விட்டுவிட்டு, ஓபெரா பகுதியில் தொடங்குகிறார்கள். நண்பர்கள் காருக்குள் குரல்களைப் பங்கு பிரித்துக்கொண்டு வாயசைக்கிறார்கள். ஒருவருக்கும் வெட்கமில்லை. கிட்டார் வெடித்ததும் ஐந்து தலைகளும் ஒன்றாக ஆடுகின்றன. கேலியாக எடுத்திருக்க எல்லா வாய்ப்பும் இருந்தது. ஆனால் அவர்களுக்குப் பாட்டு ஒவ்வொரு அசையும் மனப்பாடம். அந்த மனப்பாடத்தில் இருக்கும் பிரியத்தை எந்த வசனமும் சொல்லிவிட முடியாது.

தயாரிப்புத் தரப்பு அப்போது உச்சத்தில் இருந்த வேறொரு குழுவின் பாட்டைக் கேட்டது. வெய்னாக நடித்த மைக் மையர்ஸ் இதுதான் வேண்டும் என்று பிடிவாதமாக நின்றார். 1976இல் அமெரிக்காவில் 9ஆம் இடம் வரை போயிருந்த பாட்டு, இந்தப் படத்துக்குப் பிறகு 2ஆம் இடத்துக்கு ஏறியது. பாட்டை எழுதிப் பாடிய குயீன் குழுவின் ஃப்ரெடி மெர்க்குரி 1991 நவம்பரில் இறந்துவிட்டார். படம் வந்தது 1992 பிப்ரவரியில்.

மார்ச் 18, புதன்

ராத்திரி முழுப் பாட்டையும் கேட்டேன். 5 நிமிடம் 55 விநாடி. ஓபெரா பகுதியில் மெர்க்குரி, பிரையன் மே, ரோஜர் டெய்லர் மூவரின் குரல்தான் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கிறது. திரும்பத் திரும்ப ஓட்டியதில் டேப்பின் பூச்சே தேய்ந்து, வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரிந்தது என்று மே சொல்லியிருக்கிறார். காரில் அந்த நண்பர்கள் ஆளுக்கொரு குரலாகப் பிரித்துக்கொண்டது ரெக்கார்டு செய்யப்பட்ட விதத்துக்கே பொருந்துகிறது.

மார்ச் 23, திங்கள்

‘பேக் டு தி ஃபியூச்சர்’ (1985), அந்த ஆண்டின் வசூலில் முதலிடம். எனக்கு இந்தப் படத்தின் மேல் இருக்கும் பிரியம் கொஞ்சநஞ்சமில்லை. அதனால்தான் இதை எழுத மனசு கனக்கிறது.

1955 நவம்பர், பள்ளி நடன விழா. மேடையில் கறுப்பினக் கலைஞர்களின் குழு. கிட்டார் வாசிக்கும் மார்வின் பெரிக்குக் கையில் அடிபட்டதால், எதிர்காலத்திலிருந்து வந்த மார்ட்டி கிட்டாரை எடுத்து ‘ஜானி பி. குட்’ வாசிக்கிறான். மார்ட்டியாக நடித்த மைக்கேல் ஜே. ஃபாக்ஸுக்காகப் பாடியவர் மார்க் கேம்ப்பெல், கிட்டார் வாசித்தவர் டிம் மே. காட்சியாக எடுத்தவிதம் அபாரம். பாட்டு நிதானமாக வளர்கிறது. தனி வாசிப்பு 1950களில் தொடங்கி, பின்னால் வரப்போகும் கிட்டார்காரர்களின் சேட்டைகளையெல்லாம் தொட்டு, தந்திகளை விரலால் தட்டி வாசிக்கும் வித்தையில் போய் முடிகிறது. ஆடிக்கொண்டிருந்த கூட்டம் உறைந்து நிற்கிறது. ராக் கிட்டாரின் முப்பது வருஷ வரலாறு இரண்டு மூன்று நிமிடத்தில்.

நடுவில் ஒரு நகைச்சுவை வருகிறது. மார்வின் தன் உறவினர் சக்குக்கு ஃபோன் போட்டு, நீ தேடிக்கொண்டிருந்த புதுச் சத்தம் இதுதான், கேள் என்று ரிசீவரை மேடைப் பக்கம் நீட்டுகிறார். அந்தச் சக், சக் பெரி. ஆக, ராக் அண்ட் ரோலின் அடித்தளத்தைப் போட்டவரில் ஒருவர் அதை ஒரு வெள்ளைக்காரப் பையனிடமிருந்து ஃபோனில் கேட்டுக் கற்றுக்கொண்டதாக ஆகிவிடுகிறது. வெறும் ஜோக்குதானே என்பார்கள். வரலாற்றைப் பாருங்கள். சக் பெரியின் ‘மேபலின்’ வெளிவந்தது 1955 ஜூலையில். அந்தக் கோடையிலேயே பெரிய ஹிட். நவம்பரில் அவர் எந்தச் சத்தத்தையும் தேடிக்கொண்டிருக்கவில்லை. நாடு முழுக்க வானொலியில் அது ஒலித்துக்கொண்டிருந்தது. நடனத்துக்கு வந்த பிள்ளைகளில் பாதிப் பேர் அதைக் கேட்டிருப்பார்கள்.

‘ஜானி பி. குட்’ வந்தது 1958இல். 1977இல் வாயேஜர் விண்கலங்களில் பூமியின் ஒலிகளைப் பதிந்து ஏற்றிய தங்கத் தட்டில் ராக் அண்ட் ரோல் சார்பாகப் போன பாட்டும் அதுதான். இவ்வளவு பெரிய ரெக்கார்டைப் படம் முழு மனசோடு கொண்டாடிவிட்டு, எழுதியவரிடமிருந்து மட்டும் அதைப் பறித்துவிடுகிறது. காட்சியை இன்றும் சிலிர்ப்போடுதான் பார்த்தேன். ஃபோன் வந்த கணத்தில் சிலிர்ப்பு அறுந்துவிட்டது.

மார்ச் 27, வெள்ளி

‘தி கிராஜுவேட்’ (1967). இயக்குநர் மைக் நிக்கல்ஸ், சைமன் அண்ட் கார்ஃபங்கிள் இரட்டையரின் பாட்டுகளைப் படத்தொகுப்பில் தற்காலிகமாக வைத்து வெட்டினார். பால் சைமன் புதிதாக எழுதித் தருவதாக ஏற்பாடு. அவர் கொடுத்த இரண்டு பாட்டுகள் ஒட்டவில்லை. வெட்டும் மேஜையில் பழகிப்போன ‘தி சவுண்ட் ஆஃப் சைலன்ஸ்’ அப்படியே நின்றுவிட்டது.

அந்தப் பாட்டுக்கு முன்கதை உண்டு. 1964இல் கிட்டாரும் இரண்டு குரலும் மட்டுமாக வந்தபோது யாரும் சீண்டவில்லை. இருவரும் பிரிந்தே போனார்கள். 1965இல் தயாரிப்பாளர் டாம் வில்சன், அவர்களிடம் சொல்லாமலே அதே பதிவின் மேல் மின்கிட்டார், பாஸ், டிரம்ஸ் சேர்த்து வெளியிட்டார். 1966 ஜனவரியில் அது அமெரிக்காவில் முதலிடம். இரண்டு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்டேன். டிரம்ஸ் நுழையும் இடத்தில் குரல்கள் ஒரு மயிரிழை தடுமாறுவதுபோல் இருக்கும். தாளம் வரப்போவது தெரியாமல் பாடிய குரல்கள் அல்லவா. அந்த ஒட்டாத தன்மைதான், விமான நிலையத்தின் நகரும் நடைபாதையில் அசையாமல் நின்றபடியே போகும் படத்தின் நாயகனான இளைஞனுக்கு அவ்வளவு பொருத்தமாக அமைகிறது.

இப்போது பெரிய படங்களிலும் தற்காலிக இசையை வைத்துத்தான் வெட்டுகிறார்கள். கடைசியில் அதை எடுத்துவிட்டு, அதே சாயலில் ஒன்றைச் செய்து வாங்கிப் போடுகிறார்கள். சாயல் மட்டும் இருக்கும். நிக்கல்ஸ் அசலையே வைத்துக்கொண்டார்.

அடுத்து ‘ஈஸி ரைடர்’ (1969). அதிலும் தற்காலிகமாக வைத்த பாட்டுகள்தான் கடைசிவரை நின்றன. அதில் வரும் ஸ்டெப்பன்வுல்ஃப் குழுவின் ரெக்கார்டை எடுத்து வைத்திருக்கிறேன்.