சைலன்சர் மாற்றிய நாட்கள்

மார்ச் 2, சனி

காலையில் காரை ஸ்டார்ட் செய்ததும் தடதடவென்று சத்தம். குனிந்து பார்த்தால் சைலன்சரின் அடியில், தகடு மடித்த ஓரத்தில், விரல் நுழையும் ஓட்டை. ஸ்பேனரால் தட்டிக்கொண்டே போனேன். நல்ல தகடு ‘டண்’ என்றது. நடுக்குழாய் பாதிக்கு மேல் ‘பொத்’ என்றது. டேப் சுற்றி ஓட்டலாம்தான். ஆனால் புகையோடு கசியும் கார்பன் மோனாக்சைடு என்ற நச்சு வாயுவுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. வண்டிக்குள் உட்காருவது என் மகள். இரண்டையும் மாற்றிவிடுவது என்று முடிவு.

மார்ச் 8, வெள்ளி

பாகங்கள் வந்துவிட்டன. பழையதன் பக்கத்தில் வைத்து வளைவு, கொக்கிகளின் இடம், நீளம் எல்லாம் ஒப்பிட்டேன். சரியாக இருந்தது. ராத்திரியே நட்டுகளில் துரு நீக்கும் எண்ணெய் அடித்து ஊற விட்டேன்.

மார்ச் 9, சனி

இஞ்சின் ஆறியிருந்தது. ஜாக்கியை மட்டும் நம்பாமல் ஸ்டாண்டு கொடுத்துத்தான் அடியில் படுத்தேன். முதல் நட்டு முனகிக்கொண்டே வந்தது. இரண்டாவது வரவில்லை, கொஞ்சம் அழுத்தியதும் ஸ்டட் (நட்டு ஏறும் திருகுக் கம்பி) முறிந்தது. அதைச் சூடாக்கியிருக்க வேண்டும், அவசரப்பட்டுவிட்டேன். நடுவில் பஞ்ச் குத்தி, மெல்லிய டிரில்லில் தொடங்கி ஒவ்வொரு அளவாகப் பெரிதாக்கி மிச்சத்தை எடுக்கவே இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இடத்தில் இனி போல்ட்டும் நட்டும்தான்.

கழற்றிய சைலன்சரைச் சாய்த்தேன். டீ டிக்காஷன் நிறத்தில் தண்ணீர் கொட்டியது! துரு வெளியிலிருந்து வந்தது என்றே இதுவரை நினைத்திருந்தேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ ஒரு லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. சைலன்சர் நன்றாகச் சூடானால் அது ஆவியாகவே வெளியேறிவிடும். பள்ளிக்கூடம் வரை ஐந்து நிமிடம் ஓட்டி நிறுத்தினால் உள்ளேயே தேங்கும், அமிலமும் சேர்ந்துகொள்ளும். நான் தினமும் ஓட்டியது அந்த ஐந்து நிமிடம்தான்.

மார்ச் 10, ஞாயிறு

இணைப்பில் கசியாமல் அடைக்கும் பழைய கேஸ்கட்டைச் சுரண்டி எடுத்துவிட்டுப் புதியது வைத்தேன். போல்ட்டின் திருகு இழைகளில் செம்பு கிரீஸ். சாதாரண சிலிக்கான் பேஸ்டைத் தொடவில்லை. அதன் ஆவி, புகையிலுள்ள ஆக்சிஜனை அளக்கும் சென்சாரைக் கெடுத்துவிடும். குழாயைத் தொங்கவிடும் ரப்பர்களில் சோப்புத் தண்ணீர் தடவியதும் கொக்கி வழுக்கிக்கொண்டு ஏறியது.

எனக்குப் பிடித்த வேலை இதற்கு அப்புறம்தான். எதையும் முறுக்காமல் எல்லாவற்றையும் தொங்கவிட்டு, பின்னால் போய் நின்று பார்க்க வேண்டும். குழாய் சக்கர அச்சில் இடிக்கிறதா? ஏதாவது ஒரு ரப்பர் மட்டும் இழுபடுகிறதா? குழாயைக் கொஞ்சம் திருப்பி, எல்லா ரப்பரும் ஒரே மாதிரி தளர்வாக நின்ற பிறகு, இஞ்சின் பக்கத்திலிருந்து பின்னோக்கி ஒவ்வொன்றாக முறுக்கினேன். முதலிலேயே ஒரு முனையை இறுக்கிவிட்டால் கோணல் முழுவதும் மறுமுனையில் வந்து நிற்கும்.

ஸ்டார்ட் செய்து, கசிவு இருக்கிறதா என்று பார்க்க வால் குழாயைத் துணியால் ஒரு கணம் லேசாக அடைத்தேன். குழாய்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்ப் பக்கம் ‘உஸ்’ என்று கேட்டது. அரைச் சுற்று முறுக்கியதும் நின்றது.

மார்ச் 17, ஞாயிறு

சூடும் குளிர்ச்சியும் மாறி மாறிப் பட்டால் புது இணைப்பு கொஞ்சம் தளரும். சோதித்ததில் இரண்டு நட்டு கால் சுற்று இறங்கின. வண்டியை வெளியே எடுத்தபோது வால் குழாயில் தண்ணீர் சொட்டியது. பெரிய ரோட்டில் அரை மணி நேரம் ஓட்டிவிட்டு வந்து பார்த்தேன். முனை காய்ந்திருந்தது.